நாலாவது மூலை

அப்பாவின் இடது கால் சுண்டுவிரல் நகத்தோடு ரோமானா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவர், "எனக்குக் கொடி வேணாம்" என்றார்.

தொண்ணூற்றாறு வயதில் நகம் நகமாக இருப்பதில்லை, கொம்பாகிவிடுகிறது. வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்தும் அது அசைந்துகொடுக்கவில்லை. எழுபது வயதில் தரையில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறவளுக்கு முட்டி வலி வேறு. தூக்கக் கலக்கத்தில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்து, சரிப்பா என்று சொல்லிவைத்தாள்.

"சும்மா சரிங்காதே. கேட்டுக்கோ. பொட்டி மேல போத்துவாங்களே, படைக்காரங்க சங்கத்துக் கொடி. ஸெனோன் தூக்கிட்டு வருவான். வேணாம்னு சொல்லிடு."

ரோமானா நகவெட்டியைக் கீழே வைத்தாள். அந்தக் கொடியை வேண்டாம் என்று ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அவள் அப்பா இல்கோ பெத்ரிஷின் சொல்ல முடியாது. அவர் அந்தக் கொடியின் ஆள்.

யுத்த காலத்தில் மேற்கு உக்ரைனில் ஜெர்மானியர்கள் உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்து ஒரு படைப்பிரிவு கட்டினார்கள். ஹிட்லரின் எஸ்.எஸ். சீருடை, கையில் மட்டும் ஒரு சிங்க முத்திரை. ரஷ்யாக்காரனை விரட்ட எவன் சட்டை கிடைத்திருந்தாலும் போட்டிருப்போம் என்பது அதில் பிழைத்துக் கனடா வந்தவர்களின் வாதம். எவன் சட்டையைப் போட்டாயோ அவன் பாவத்திலும் உனக்குப் பங்குண்டு என்பது மற்றவர்களின் வாதம். எண்பத்தெட்டில் இந்த ஏரிக்கரை நகரத்தின் உக்ரைன் கல்லறைத் தோட்டத்தில் ஊர் உக்ரைனியர் மன்றத்தார் அந்தப் படைக்கு ஒரு நினைவுக்கல் நட்டார்கள். முப்பது வருஷம் அதைக் கேட்பாரில்லை. பிறகு பேப்பரில் வந்தது. யாரோ சிவப்புச் சாயம் ஊற்றினார்கள், நகரசபையில் கூச்சல் நடந்தது. ரோமானாவின் பல் டாக்டர் ஒரு போலந்துக்காரர். தன் அம்மாவின் கிராமத்தை எரித்தவர்கள் கையிலும் அந்தச் சிங்கம்தான் இருந்தது என்று, அவள் வாயில் பஞ்சை வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார். அவள் டாக்டரை மாற்றிவிட்டாள். எடுப்பதா வைப்பதா என்று முடிவாகாமல் கல்லை இப்போது நீலத் தார்ப்பாயால் மூடிக் கட்டியிருக்கிறார்கள்.

அந்தப் படைக்காரர்களில் ஊரில் உயிரோடு மிச்சமிருந்தவர் இல்கோ ஒருவர்தான். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கல்லறைகளை மந்திரிக்கும்போது, நீலக் கோட்டும் தொப்பியுமாக அந்தக் கல்லின் ஒரு மூலையில் அவர் விறைப்பாக நிற்பார். கடைசி சில வருஷங்கள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து விறைப்பாக இருந்தார்.

"ஏன்பா வேணாம்?"

"நான் அதுல இல்ல."

"எதுல?"

"படையில." அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் மாடு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

மிச்சத்தை விட்டு விட்டுச் சொன்னார், நடுவில் இரண்டு தடவை தண்ணீர் கேட்டார். பதினேழு வயதில், நாற்பத்திரண்டில், மாதா கோயில் வாசலில் நின்றவரை ஜெர்மானியர்கள் லாரியில் ஏற்றி, ரயிலில் அடைத்து, பவேரியாவில் ஒரு பண்ணையில் இறக்கியிருக்கிறார்கள். மூன்று வருஷம், பதினோரு மாடு. துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. சண்டை முடிந்து அகதி முகாம், அங்கே கல்யாணம், நாற்பத்தெட்டில் கப்பல். இந்த ஊர் எஃகு ஆலையில் அவர் கரி அள்ளிக்கொண்டிருந்தபோது படைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள், மீசையும் பாட்டுமாக. மன்றத்தில் அவர்களுக்கு ஒரு தனி மேசை இருந்தது. அறுபத்துமூன்றில் ஒரு கல்யாண விருந்தில் அவர்களில் ஒருவன், நீ எங்கே சண்டை போட்டாய் என்று கேட்டிருக்கிறான்.

"சாணி அள்ளினேன்னு சொல்ல வாய் வரலை. அவனுங்க பேசிக் கேட்டிருந்த ஒரு எடத்துப் பேரைச் சொன்னேன். எந்திரிச்சு வந்து கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. அதுவரைக்கும் இந்த ஊர்ல என்னை யாரும் கட்டிப்பிடிச்சதில்ல."

ரோமானாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அவள் பேப்பருக்கு மூன்று கடிதம் எழுதியவள். என் அப்பா ஒரு போர்வீரர், கொலைகாரர் அல்ல என்று மன்றத்து மேடையில் குரல் நடுங்கப் பேசியவள். அவளுடைய ஒரே மகள் லாரிசா, டொரான்டோவில் பள்ளி ஆசிரியை, அந்தக் கல்லுக்குக் காவல் நிற்கிற ஆள் இருக்கிற வீட்டில் எனக்குச் சோறு இறங்காது என்று சொல்லிவிட்டுப் போனவள், இரண்டு வருஷமாக வாசற்படி மிதிக்கவில்லை. இந்த மனிதர் அதையெல்லாம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, காது கேட்காதவர் போலப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அவளை அகதி முகாம்லதானே பார்த்தேன். தெரியாம?"

பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கொடி வேண்டாம், ஆனால் ஏன் என்று யாரிடமும் சொல்லக் கூடாது, சத்தியம் பண்ணு என்றார். காரணம் சொல்லாமல் எப்படி நிறுத்துவது என்று அவள் கேட்டதற்கு, நீ கெட்டிக்காரி என்றார். ஐம்பத்தெட்டு வருஷம் சுமந்த மூட்டையை மகள் தலையில் ஏற்றிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். ரோமானா சத்தியம் பண்ணினாள். மற்ற நகங்களை வெட்டி முடித்தாள்.

மத்தியானம் பீட்ரூட் சூப்பைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் போயிருந்தார். சாவு வீட்டு வழக்கப்படி அறைக் கண்ணாடியைத் துணி போட்டு மூடினாள். கால் உறையை மாட்டிவிட்டாள். சுண்டுவிரல் நகம் மட்டும் அப்படியே இருந்தது.

ஸெனோன் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டான். அறுபத்திரண்டு வயது, மன்றத்தின் தலைவன். அவன் அப்பா வாசில் அந்தப் படைக்காரர்களில் பெரிய ஆளாக இருந்து, பதினைந்து வருஷம் முன்பு போய்ச் சேர்ந்தவர். ஸெனோன் இறந்தவர் நெற்றியில் முத்தமிட்டு, மண்டியிட்டு, நிஜமாகவே அழுதான். பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தான். பெட்டி மேல் கொடி. வெள்ளைக் கையுறை போட்ட ஆறு பேர், எல்லாரும் வீரர்களின் பேரன்கள். நினைவுக்கல் முன்னால் பெட்டியை நிறுத்திப் பிரார்த்தனை, பத்து நிமிஷம் தார்ப்பாயை அவிழ்க்கப் போலீசில் பேசிக்கொள்வான். கடைசி வீரர், ஊரே பார்க்க வேண்டும் என்றான். ரோமானா அவனுக்குக் காப்பி ஊற்றினாள்.

"கொடி வேணாம், ஸெனோன்."

"என்னக்கா சொல்றீங்க. அது அவரோட உரிமை."

"வேணாம்ப்பா."

"அவரே சொன்னாரா?"

ஆமாம் என்றால் அடுத்த கேள்வி ஏன் என்பதுதான். "நான் சொல்றேன்," என்றாள்.

அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். "பேப்பர்காரனுக்குப் பயந்துட்டீங்க."

"ஆமா. பயந்துட்டேன்."

கொடி இல்லையென்றால் சங்கத்து ஆட்கள் பெட்டிக்குத் தோள் கொடுக்க மாட்டார்கள் என்றான். அது உங்கள் இஷ்டம் என்றாள். எங்கள் அப்பா இருந்திருந்தால் உங்கள் முகத்தில் காறித் துப்பியிருப்பார் என்றான். சொல்லிவிட்டு, காப்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். அப்படி வளர்க்கப்பட்டவன்.

ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. மறுநாள் வெள்ளிக்கிழமை. மன்றத்துச் சமையலறையில் பெண்கள் கூடி உருளைக்கிழங்கு வைத்துப் பெரோஹிக் கொழுக்கட்டை மடிக்கிற நாள். முப்பது வருஷமாக அந்த மேசையில் ஜன்னலோர இடம் ரோமானாவுடையது. அன்றைக்கு அவள் போகவில்லை. ஆனால் போன ஒருத்தி அக்கறையாக போன் பண்ணி, யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள். பெத்த அப்பனைப் பேப்பர்காரனுக்கு வித்துட்டா என்பது அதில் சாதுவான பேச்சு. ரோமானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் ஒரே நிமிஷத்தில் எல்லா வாயும் அடங்கும். அடங்கிய பிறகு அவரைப் பார்த்துச் சிரிக்கும். மாட்டுக்காரன் என்று பெயர் வைக்கும்.

ஆனால் லாரிசா அந்த ஊர்க்காரி இல்லையே என்று அவள் மனம் சனிக்கிழமை காலையிலிருந்து கணக்குப் போட்டது. அவளிடம் சொன்னால் யார் சிரிக்கப் போகிறார்கள்? அவளுக்குத் தாத்தா திரும்பக் கிடைப்பார், சுத்தமாக, கையில் கறையில்லாமல். எனக்கு மகள் கிடைப்பாள். சத்தியம் பண்ணி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ரோமானா போனை எடுத்தாள்.

லாரிசாவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"அப்போ அவர் யாரையும் கொல்லலை," என்றாள் மகள்.

"இல்லடி. துப்பாக்கியையே தொட்டதில்ல."

"கல்லுகிட்ட நிக்கச் சொல்லி யாரும் அவரை மிரட்டலையே?"

"இல்ல."

"அம்மா, பதினெட்டு வயசுப் பையன் கையில துப்பாக்கியத் திணிச்சா அவன் என்னதான் பண்ணுவான்னு நான் எத்தனையோ நாள் யோசிச்சிருக்கேன். தாத்தாவுக்காகத்தான் யோசிச்சேன். அப்படியாவது அவரை மன்னிக்க முடியுமான்னு. இவர் நாப்பது வயசுல, வேலை இருக்கு, வீடு இருக்கு, புள்ளை இருக்கு, தானா நடந்து போய் அவங்களோட சேர்ந்திருக்கார். பண்ணாததைப் பண்ணினேன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டு. இது அதைவிட மோசமில்லையா?"

அது மோசமில்லை என்று சொல்ல வேண்டும் போல இருந்தது ரோமானாவுக்கு. தனியாக இருந்தார்டி, யாராவது கட்டிப்பிடிக்க மாட்டார்களா என்றிருந்தது அவருக்கு என்று சொல்லலாம். கட்டிப்பிடிக்க வேறு கழுத்தே கிடைக்கவில்லையா என்று மகள் கேட்பாள்.

"அடக்கத்துக்கு வருவியா?"

"தெரியலைம்மா."

திங்கட்கிழமை காலைப் பனி வெயிலேறியும் விலகவில்லை. மாதா கோயிலில் பாதி பெஞ்சு காலி. பாதிரியார் யாரேமா உக்ரைனிலிருந்து வந்து மூன்று வருஷமே ஆனவர். இந்தப் பழைய சண்டையில் எந்தப் பக்கமும் சேராமல் இரு பக்கத்திலும் திட்டு வாங்குகிறவர். பாட்டுக்குழுவில் நாலு பேர்தான் வந்திருந்தார்கள் என்பதால் அவரே கனத்த குரலில் எல்லாவற்றையும் பாடினார்.

கல்லறை வாசலில் ஒரு போலீஸ் கார் நின்றது. சாலைக்கு எதிர்ப்பக்கம் எதிர்ப்பு அட்டையும் கையுமாக இரண்டு பேர் நின்றார்கள். சவ வண்டியின் பின்கதவு திறந்து, கொடி எதுவும் இல்லாத வெறும் பெட்டி வெளியே வந்ததும் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவர் அட்டையை இறக்கிக் காலோரம் வைத்துக்கொண்டார், இன்னொருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

சங்கத்து ஆறு பேரும் வந்துதான் இருந்தார்கள். நீலத் தார்ப்பாய் கட்டிய கல்லுக்குப் பக்கத்தில், ஸெனோனோடு, கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவனும் அசையவில்லை. சவ அடக்க நிலையத்து ஆட்கள் இரண்டு பேர் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளினார்கள். புல்லில் உறைந்திருந்த பள்ளம் ஒன்றில் சக்கரம் மாட்டிக்கொண்டது. அது கிரீச்சிட்டது அந்த அமைதியில் ஊருக்கே கேட்டிருக்கும். பாதிரியார் தூபக்கலசத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் தானும் ஒரு தள்ளு தள்ளினார். கையிலிருந்த பையை அப்படியே போட்டுவிட்டு ரோமானாவும் தள்ளினாள். நிமிர்ந்தபோது, டாக்சியிலிருந்து இறங்கி, சாம்பல் நிறக் கோட்டில் லாரிசா வந்து நிற்பதைப் பார்த்தாள். மகள் கீழே கிடந்த பையை எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு இரண்டடி தள்ளி, தார்ப்பாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பெட்டி இறங்கியது. பாதிரியார் மண்வெட்டியை வாங்கி, குழியின் நாலு பக்கமும் மண்ணில் சிலுவை கீறி, கடைசி நாள்வரை இந்தக் கல்லறை முத்திரையிடப்பட்டது என்று சொன்னார். வந்திருந்தவர்கள் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். லாரிசா போடவில்லை.

அப்போது ரோமானாவின் கோட்டுக் கையை யாரோ இழுத்தார்கள். சக்கர நாற்காலியில் ஹேனியா அத்தை, ஸெனோனின் அம்மா. தொண்ணூற்றிரண்டு வயது. மகன் தார்ப்பாய்ப் பக்கம் நிறுத்தியிருந்த இடத்தை விட்டு, எவளோ ஒருத்தியைத் தள்ளச் சொல்லி அதிகாரம் பண்ணி இங்கே வந்திருந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்து ரோமானா குனிந்தாள்.

"நாப்பத்தெட்டுல கனடா வந்தாருன்னு சாவு அறிவிப்புல போட்டிருக்க."

"ஆமா அத்தை. அப்பதானே வந்தாங்க."

"எங்க ஆளுங்களுக்கு இந்த நாட்டுக் கதவைத் தொறந்ததே அம்பதுல. நாங்க வந்தது அம்பத்தொண்ணு. படையில இருந்தவன் ஒருத்தன்கூட அதுக்கு முன்னாடி இந்த ஊருக்கு வரலை. எங்களுக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனைச்சியா?"

ரோமானா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "வாசில் மாமாவுக்குமா தெரியும்?"

"மொத நாளே. கல்யாண வீட்டுல ரெண்டு கேள்வி கேட்டாராம், ரெண்டுக்கும் தப்பாச் சொன்னாராம் உங்கப்பா. வீட்டுக்கு வந்து சிரிச்சார். பாவம், போகட்டும்டீன்னார்." அத்தை மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்புறம் கல்லு வெச்சப்போ எங்க ஆளுங்க மூணு பேர்தான் மிச்சம். கல்லுக்கு நாலு மூலை. மூணு மூலையில காவல் நின்னா பாக்க நல்லாவா இருக்கும்? இவர் நின்னார். ஒழுங்காவும் நின்னார், மத்தவங்களாவது குடிச்சிட்டு வருவாங்க."

"ஸெனோனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேணாம். அவனுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்." அவள் ரோமானாவின் கையைத் தட்டிக் கொடுத்தாள். "ஏச்சு வாங்கிக்கோ. நீ தாங்குவே."

அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ரோமானாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அதன் பின்னாலேயே இத்தனை நாள் வராத அழுகையும் வந்தது. தெரிந்துவிடுமோ தெரிந்துவிடுமோ என்று பயந்தே அவர் ஐம்பத்தெட்டு வருஷம் ஓட்டியிருக்கிறார், எல்லாம் தெரிந்தவர்களுக்கு நடுவில். யாராவது ஒருத்தர் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நாலாவது மூலைக்கு ஆள் இருந்திருக்காது. அம்மாவுக்கும் தெரியும்தான். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அந்த நீலக் கோட்டைத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டவள் அவள்தான்.

கூட்டம் கலைந்தது. மன்றத்தில் சாவுச் சாப்பாட்டுக்கு அறுபது தட்டு போட்டிருந்தது. எத்தனை பேர் வருவார்கள் என்று யோசிக்க ரோமானாவுக்குத் தெம்பில்லை. கிளம்பப் போனவளை, இவ்வளவு நேரம் மரத்தடியில் காத்திருந்த ஓர் ஆள் தொப்பியைத் தொட்டு நிறுத்தினார். துவார்த்தே, கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டுகிற போர்த்துக்கீசியர். குளிர் இறுகிவிட்டால் வசந்தம்வரை கல்லைத் தொட முடியாது, அதனால் இன்றே கேட்டுக்கொண்டால் நல்லது என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

குழியின் தலைமாட்டில் கல் தயாராக நின்றது. கறுப்புக் கிரானைட். அம்மா இறப்பதற்குப் பல வருஷம் முன்பே அப்பா சொல்லி வைத்தது. இடப்பக்கம் அம்மா பராஸ்கா, பிறப்பும் இறப்புமாக இரண்டு வருஷங்களும் நிரம்பி. வலப்பக்கம் இல்கோ, பிறந்த வருஷம், ஒரு கோடு, அதற்குப் பின் வெற்றிடம். இரண்டு பெயருக்கும் மேலே நடுவில், ஒரு சாண் உயரத்துக்கு, படையின் சிங்கம். பதினோரு வருஷமாக இங்கே பூ வைத்துவிட்டுப் போகிறவளுக்கு அது கண்ணில் பட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இன்றுதான் பார்த்தாள். கொடியைப் பற்றி நினைத்தவருக்கு இதைப் பற்றி நினைவு வரவில்லையா, கேட்க வாய் வரவில்லையா என்பது இனித் தெரியப்போவதில்லை.

"வருஷம் மட்டும்தானேம்மா?" என்றார் துவார்த்தே.

"அந்த சிங்கத்தை எடுக்க முடியுமா?"

அவர் கையுறையைக் கழற்றி, சிங்கத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். "எடுக்கலாம். ஆழமா வெட்டியிருக்காங்க. அரை அங்குலம் தேய்க்கணும். பள்ளம் விழும்."

"பள்ளத்தை அடைக்க முடியாதா?"

"பூசினா ரெண்டு குளிர்காலத்துல உதிர்ந்துடும். பள்ளமாத்தான் நிக்கும். இங்க என்னமோ இருந்துச்சு, எடுத்திருக்காங்கன்னு பாக்கிறவங்களுக்கு நல்லாத் தெரியும். யோசிச்சுக்குங்க."

ரோமானா தார்ப்பாய்ப் பக்கம் பார்த்தாள். ஸெனோனும் மற்றவர்களும் கிளம்பாமல் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் லாரிசா, இரண்டு பைகளையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தெரியட்டும்," என்றாள் ரோமானா.

துவார்த்தே தலையாட்டிவிட்டு அளவு நாடாவை எடுத்தார். ஒரு முனையைக் கல்லின் ஓரத்தில் வைத்துவிட்டு இழுத்தார். பனி பூத்த கிரானைட்டில் அது நிற்கவில்லை, வழுக்கிச் சுருண்டு கைக்கே வந்தது. மறுபடி வைத்தார், மறுபடி வந்தது. ரோமானா முட்டியைப் பிடித்துக்கொண்டு குனியப் பார்த்தாள்.

லாரிசா பைகளைப் புல்லில் வைத்தாள். புது மண்ணின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு வந்து, கல்லின் முன் மண்டியிட்டு, நாடாவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள்.

"கொஞ்சம் மேல," என்றார் துவார்த்தே.

அவள் கொஞ்சம் மேலே நகர்த்திப் பிடித்தாள்.